ஒரு மூச்சுக்கு ஒரு படம்

அவரை நேரில் பார்ப்பதற்கு ஒரு வருஷம் முன்பே அவருடைய நெகட்டிவ்களைப் பார்த்துவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கம். வண்ணார்பேட்டையில் ஒரு கலர் லேபில் பிரிண்ட் போடும் வேலை எனக்கு. வைகாசி, ஆவணி, தை என்று முகூர்த்த மாதங்களில் ஜில்லா முழுவதிலுமிருந்து ரோல்கள் வந்து குவியும். ஒரு ரோலில் முப்பத்தாறு படம் என்றால் அதில் பன்னிரண்டு தாலி கட்டுவது, எட்டு மாலை மாற்றுவது, மிச்சத்தில் பாதி யாராவது கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. பார்த்துப் பார்த்து எனக்குக் கல்யாணம் என்ற சொல்லின் மேலேயே சலிப்பு வந்திருந்தது. வீட்டில் பெண் பார்க்கலாமா என்று கேட்டால் இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்பேன்.

அந்தக் குவியலில் ஒருவருடைய ரோல் மட்டும் தனியாகத் தெரியும். முப்பத்தாறும் முப்பத்தாறு விஷயமாக இருக்கும். தாலிக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, பந்தியில் இலைக்கு முன்னால் தூங்கிப்போன குழந்தைக்கு ஒன்று. எதையும் இரண்டாம் முறை எடுத்திருக்க மாட்டார். ஒன்றுகூட வீணாகியிருக்காது. சரியான கஞ்சன் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் படம் எடுக்க அவர்தான் வந்தார். பாளையங்கோட்டையில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருந்தார். நாற்பதை ஒட்டிய வயது, ஒல்லியான ஆள், ஆனால் நெஞ்சு மட்டும் வேறு யாரிடமோ கடன் வாங்கியதுபோல அகலமாக இருக்கும். கெட்டிமேளம் என்று யாரோ கத்தியதும் நான் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்தேன். வாயைத் திறந்து ஒரு முறை நன்றாக இழுத்தார். அதற்குப் பிறகு அவர் தோள் அசையவில்லை. மேளம் முழங்குகிறது, அட்சதை அவர் தலையிலும் விழுகிறது, பின்னாலிருந்து ஒரு கிழவர் முதுகில் இடிக்கிறார். அவர் அப்படியே நிற்கிறார். மாப்பிள்ளையின் கை முடிச்சுக்கு வந்தது. ஒரே ஒரு வெளிச்சம். கேமராவை இறக்கி, தூணில் சாய்ந்து, மெதுவாக மூச்சை விட்டார்.

பெண்ணின் தாய்மாமன் பாய்ந்து வந்தார். அந்தக் காலத்து மாமன்கள் போட்டோக்காரரிடம் சண்டை பிடிக்காமல் கல்யாணத்தை முடித்ததாகச் சரித்திரம் இல்லை. "என்னவே, ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தீரு? மாப்ள கண்ண மூடியிருந்தா என்ன செய்வீரு?" என்றார்.

"மூடல. பாத்துட்டேன்" என்றார் இவர். அவ்வளவுதான் பதில். மாமன் சாப்பிடும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அந்தப் படத்தை நான்தான் பிரிண்ட் போட்டேன். மாப்பிள்ளை கண்ணை மூடவில்லை.

திங்கட்கிழமைகளில் ரோல் கொடுக்க வரும்போது லேப் வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். அதிகம் பேசமாட்டார். நாங்கள் ஏதாவது ஒரு பிரிண்டை இன்னும் கொஞ்சம் வெளுப்பாகப் போடட்டுமா, இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டால், "ஒண்ணு போதும்" என்பார். டீயும் ஒன்றுதான். பிஸ்கட் வைத்தால் அதிலும் ஒன்றுதான் எடுப்பார். லேப் பையன்கள் அவருக்கு 'ஒண்ணு போதும் அண்ணாச்சி' என்று பெயர் வைத்து, அவர் காதுபடவே சொல்வார்கள். ஒரு துஷ்டி வீட்டில் இறந்துபோன அம்மாவை நாற்காலியில் உட்கார்த்தி, பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்திருக்கிறார். அது முடிந்த பிறகு மெட்ராஸிலிருந்து ஒரு மகள் வந்து சேர்ந்து, இன்னொன்று எடுக்கவேண்டும் என்று அழுதிருக்கிறாள். இவர் மறுத்திருப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லையாம். அது வேறு படம் என்று சொல்லி எடுத்தாராம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு மூச்சுக்கு ஒரு படம்தான் தம்பி. தண்ணிக்குள்ள பழகுனது, கரைக்கு வந்தும் விடமாட்டேங்கு" என்றார்.

அப்போதுதான் கடல் விஷயம் தெரியவந்தது. அவர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரர். பிழைப்புக்காகப் பாளையங்கோட்டைக்கு வந்தவர். அவருடைய மனைவியின் தம்பி, அதாவது மச்சினன், கடலடியில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவர். ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலம் தொடங்கினால், எங்கள் பக்கத்தில் வேதக்காரர்கள் என்று சொல்கிற கிறிஸ்தவர்கள் வீட்டில் நாற்பது நாள் கல்யாணம் கிடையாது. மற்ற போட்டோக்காரர்கள் அந்த நாட்களில் கடையில் ஈ ஓட்டுவார்கள். இவர் அதன் முதல் நாளான சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மச்சினனின் வள்ளத்தில் போய், தீவுகளுக்கு அந்தப் பக்கம் கடலுக்குள் இறங்கிப் படம் எடுப்பார். முதுகில் காற்று உருளை எல்லாம் கிடையாது. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, காலுக்கு ஒரு துடுப்பு, நெஞ்சில் இருக்கிற மூச்சு.

தண்ணீருக்குள் போகும் கேமரா வாங்க அவரால் முடியாது. லேத் பட்டறையில் சொல்லி, தடித்த கண்ணாடித்தகடு போன்ற ஒரு பிளாஸ்டிக்கில் பெட்டி செய்து வைத்திருந்தார். லாரி டியூப்பை வட்டமாக வெட்டி மூடிக்கு நடுவில் வைத்துத் திருகுவார். பட்டனை அழுத்த சைக்கிள் பிரேக்கின் ஒரு துண்டை வெளியே நீட்டியிருந்தார். படத்தை எடுக்கத்தான் வழி செய்ய முடிந்ததே தவிர, ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்த வழி கிடைக்கவில்லை. ஒரு படம் எடுத்தால் மேலே வரவேண்டும், வள்ளத்தில் ஏறவேண்டும், கையைத் துடைக்கவேண்டும், பெட்டியைத் திறந்து ஃபிலிமைச் சுற்றவேண்டும், மறுபடி திருகி மூடவேண்டும். அதற்குள் மீன் ராமேஸ்வரத்துக்கே போயிருக்கும். அதனால் கீழே போனால் ஒன்றுதான்.

அந்தப் பெட்டியை ஒவ்வொரு வருஷமும் தை மாதக் கடைசியில் ஆற்றில் முக்கிச் சோதித்துப் பார்ப்பார். எங்கள் லேபுக்குப் பக்கத்தில்தான் படித்துறை. ஒருநாள் மத்தியானம் அங்கே ஒரே சத்தம். போய்ப் பார்த்தால் அவர் இடுப்பளவு தண்ணீரில் பெட்டியோடு நிற்கிறார். துணி துவைக்க வந்த பெண்கள் கரையில் நின்று திட்டுகிறார்கள். ஒரு பெரியவர், பொம்பளைகள் குளிக்கிற இடத்தில் தண்ணிக்குள்ளே கேமரா வைத்தா படம் பிடிக்கிறாய் என்று அடிக்கவே கையை ஓங்கிவிட்டார். இவர் கரையேறி, பெட்டியைத் துண்டால் துடைத்து, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். உள்ளே கேமரா இல்லை. மடித்த தினத்தாள் ஒன்று இருந்தது. அதை எடுத்துப் பெரியவர் கையில் கொடுத்தார்.

"காயிதம் நனயலேன்னா கேமராவும் நனயாது. நனஞ்சிருக்கான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பெரியவர் தாளைத் தடவிப் பார்த்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து அதைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பெண்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆற்றுக்குள் எடுக்கக்கூடாதா, எதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டும் என்று கேட்டேன். ஆற்றில் சோப்பு நுரையும் சேலை நுனியும்தான் தெரிகிறது என்றார்.

அந்த வருஷத் தவக்காலம் முடிந்து, ஈஸ்டருக்கு மறுநாள் ஒரு ரோல் கொண்டுவந்தார். அதில் சங்கு குளிப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு படம். தலைகீழாக மணலை நோக்கிப் போகும் உடம்புகள், இடுப்பில் கட்டிய வலைப்பை, வாயிலிருந்து வரும் குமிழிகள். கடைசிப் படத்தில் ஒரு மீன். அதை மீன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டவுன் பஸ்ஸில் முக்கால்வாசி நீளம் இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதன் பக்கத்தில் மச்சினன் ஒரு கையை நீட்டியபடி மிதக்கிறார், தொட்டும் தொடாமலும். கடற்கரையில் அதற்கு அம்மணி உழுவை என்று பெயராம். படித்தவர்கள் திமிங்கிலச் சுறா என்பார்களாம். அவர் அம்மணி என்று மட்டும் சொல்வார். வாய் அவ்வளவு பெரிது, ஆனால் யாரையும் கடிக்காது, தண்ணீரை வடிகட்டிக் கூனிப்பொடி என்கிற குட்டி இறாலைத் தின்கிற பிராணி என்றார்.

ஒரு மாதம் கழித்து அந்த ஒரு நெகட்டிவைத் தனியாக வெட்டி, வெண்ணெய்த்தாளில் சுற்றி, பெரிதாகப் பிரிண்ட் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். வைகாசி முகூர்த்தங்கள் தொடங்கியிருந்தன. நான் கழுத்துவரை வேலையில் கிடந்தேன். ஒரு சனிக்கிழமை, தாலிகளுக்கு நடுவே அதையும் செருகிப் போட்டேன். பிரிண்ட் காய்ந்ததும் தூசிப் புள்ளிகளை அடைக்கத் தூரிகையோடு உட்கார்ந்தேன். நீட்டிய கையில் சுண்டுவிரல் இல்லை. பிரிண்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, மை தொட்டு ஒரு விரல் வரையலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே வந்துவிட்டார்.

"அவனுக்கு அந்த விரல் கெடையாது தம்பி. நங்கூரக் கயித்துல போச்சு. நீங்க புதுசா ஒண்ணு குடுத்துராதிய" என்றார்.

பிரிண்டைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். படத்தைப் பார்க்கும்போதும் அவர் மூச்சை நிறுத்துவார் என்று அன்றுதான் கவனித்தேன். பார்த்து முடித்து மூச்சை விட்டவர், கையை வலமிருந்து இடமாக அசைத்துக் காட்டினார்.

"நான் பாக்கையில இந்தப் பக்கமாப் போன மாதிரில்லா இருந்துச்சு. இதுல அந்தப் பக்கம் போவுது" என்றார். நான் ஏதோ வேலையாக இருந்தேன். படத்தில் இருக்கிறபடிதான் அண்ணாச்சி இருந்திருக்கும் என்றேன். "சரிதான். மூச்சு முட்டுத நேரத்துல கண்ணு எதப் பாத்துச்சோ. ஃபிலிமு பாத்ததுதான் சரி" என்று ஒப்புக்கொண்டு போனார்.

அது அவர் ஸ்டூடியோவில் நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் தொங்கியது. குடும்பத்தோடு படம் எடுக்க வருகிற குழந்தைகள் அதைப் பார்த்து அழும். அவருடைய மனைவி அதைத் துடைக்கும்போதெல்லாம், 'உங்க அம்மணிக்கு வாரம் ஒருக்கா துடைக்க ஆள் வேண்டியிருக்கு' என்று கேலி செய்வாராம். ஈரம் ஏறும் என்று நெகட்டிவை மட்டும் எங்கள் லேபிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த வருஷத் தவக்காலத்தின் நடுவில், ஒருநாள் சாயங்காலம், நேராக பஸ்ஸிலிருந்து இறங்கி லேபுக்கு வந்தார். காலில் மணல். கையில் ஒரு ரோல். அவர்கள் ஊருக்குப் பக்கத்துக் கரையில் ஒரு அம்மணி உழுவை வலையில் சிக்கிச் செத்துவிட்டது, இழுத்துப் போட்டிருக்கிறார்கள், இரண்டு படம் எடுத்திருக்கிறேன், உடனே போட்டுத் தரவேண்டும் என்றார். இரண்டு என்றதும் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

செத்தது தன்னுடைய அம்மணிதானா என்று அவருக்குத் தெரியவேண்டும். விஷயம் இதுதான். கடல் மீன்களைப் பற்றிப் படித்த ஒருவர் தூத்துக்குடியில் அவரிடம் சொல்லியிருக்கிறார்: அந்தப் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, மீனுக்கு மீன் வேறு. ஒரே மீனிலும் இடது விலாவில் ஒரு மாதிரி, வலது விலாவில் வேறு மாதிரி. ஸ்டூடியோவில் தொங்கிய படத்தில் மீனின் தலை வலப்பக்கம் இருந்தது. ஆகவே தெரிவது வலது விலா. ஆனால் செத்த மீன் வலது விலா மணலில் படக் கிடந்தது. மேலே தெரிந்தது இடது விலா. அதை ஒரு படம் எடுத்துவிட்டு, நமக்கு வேண்டிய பக்கம் இதில்லை என்று, புரட்டுவதற்காக மத்தியானம் முழுக்க வெயிலில் காத்திருக்கிறார். வள்ளத்துக்குப் பூச ஈரல் எண்ணெய் எடுக்க, இருபது பேர் சேர்ந்து கயிறு போட்டுப் புரட்டினார்களாம். புரட்டியதும் வலது விலாவை எடுத்திருக்கிறார்.

போட்டுக் கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, பழைய படத்தின் பெரிய பிரிண்டோடு நான் அன்றே போட்டுக் கொடுத்திருந்த சின்னப் பிரதியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, வலது விலாப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். செவுளுக்குப் பின்னால், துடுப்புக்கு மேலே இருக்கிற புள்ளிகளைத்தான் பார்க்கவேண்டுமாம். பழைய படத்தில் அந்த இடம், வாசலில் யாரோ மிதித்துவிட்டுப் போன புள்ளிக்கோலம் மாதிரி ஒருபக்கம் நசுங்கி இருக்கும். புதியதில் அப்படி இல்லை. மூச்சை நிறுத்திக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"இது அவ இல்ல" என்றார்.

அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். லேபில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார். தானும் இரண்டு குடித்தார். இடது விலாப் படத்தை உறைக்குள் போட்டுத் திரும்ப என்னிடமே கொடுத்துவிட்டார், இது எதற்கு என்று.

"அவ இன்னும் அங்கனதான் எங்கயோ கெடக்கா. இன்னொரு தடவ பாத்து ஒரு படம் எடுத்துட்டம்னா, பெட்டியத் தூக்கிப் போட்டுருவேன் தம்பி."

அதற்குப் பிறகு வந்த இரண்டு தவக்காலமும் அவர் போனார். எங்கே எந்த வள்ளத்துக்காரன் பெரிய நிழலைப் பார்த்தேன் என்று சொன்னாலும் அங்கே இறங்கினார். முன்பெல்லாம் சங்குப் படங்களாவது கொண்டுவருவார். இப்போது அதுவும் இல்லை. மூச்சை அதற்காகச் செலவழிக்கக்கூடாது என்று கேமராவை வைத்துக்கொண்டு வெறுமனே காத்திருந்துவிட்டு வந்தார். முதல் வருஷம் திரும்பி வந்தபோது ஒரு காதில் பஞ்சு. ரத்தம் வந்ததாம். இரண்டாம் வருஷம் அந்தக் காது போய்விட்டது. டாக்டர், இன்னொன்றும் மெலிந்திருக்கிறது, இனி தண்ணீருக்குள் இறங்கினால் முகூர்த்த மேளத்தைக் கண்ணால்தான் பார்க்கவேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அவர் அதையும் என்னிடம் ஒரு செய்தி மாதிரி சொன்னார்.

அவருடைய மனைவி ஒருமுறை பிரிண்ட் வாங்க லேபுக்கு வந்தார். கவுண்டரில் நின்றபடி, ஸ்டூடியோவில் இருக்கும் கணவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"நாங்க சொன்னா மண்டையில ஏறமாட்டேங்கு. நீங்க சொன்னாக் கேப்பாவ. அடுத்த தடவ என் தம்பிகூட கூட்டிட்டுப் போமாட்டேன்னு சொல்லிட்டான். வேற வள்ளத்துல போவேங்காவ. அந்த ஒரு மீன் கண்ணுல பட்டுட்டா நின்னுருவாவளாம். கடல்ல போயி யாரத் தேட?" என்றார்.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அடுத்தவர் கிறுக்கில் நாம் ஏன் தலையிடவேண்டும் என்று இருந்துவிட்டேன்.

தை மாதம் மச்சினனே லேபுக்கு வந்தார். சங்கு குறைந்துபோய்விட்டது, வெளிநாட்டில் துறைமுக வேலைக்குப் போகிறேன், பாஸ்போர்ட் படம் வேண்டும், அத்தானிடம் போனால் கடலுக்குக் கூட்டிப் போகச் சொல்வார் என்றுதான் இங்கே வந்தேன் என்றார். எடுத்துக் கொடுத்தோம். ரசீதுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். வலது கையில் பேனாவைப் பிடித்து, இடது கையால் தாளை அமர்த்திக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் பெயரை எழுதினார். வலது கையில் ஐந்து விரலும் இருந்தன. தாளை அமர்த்திய இடது கையில்தான் சுண்டுவிரல் இல்லை.

ரசீதைக் கிழிக்காமல் அந்தக் கையையே பார்த்தேன். இல்லாத அந்த விரலை வரையத் தூரிகையோடு உட்கார்ந்தவன் நான். அது எந்தக் கை என்று எனக்கு மறக்காது. படத்தில் அது வலது கை.

நெகட்டிவில் ஒரு பக்கம் பளபளக்கும், ஒரு பக்கம் மங்கலாக இருக்கும். மங்கல் பக்கம் கீழே பார்க்கவேண்டும். மாற்றி வைத்தால் இடம் வலமாகிவிடும். புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. ஆனால் முகூர்த்த அவசரத்தில் யார் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார்கள்? சேலை முந்தானை இடது தோளில் இருக்கிறதா, சட்டைப் பை இடது நெஞ்சில் இருக்கிறதா என்று ஒரு பார்வை. அதுதான் எங்கள் சோதனை. பத்து வருஷமாக அது என்னை ஏமாற்றியதில்லை. கடலுக்குள் இருந்தவருக்கு முந்தானையும் இல்லை, சட்டைப் பையும் இல்லை. இடுப்பில் ஒரு துணியோடு, நான்கு விரலை நீட்டிக்கொண்டு மிதந்தார்.

அன்று எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நெகட்டிவை எடுத்துச் சரியாக வைத்துப் போட்டேன். மீன் இடப்பக்கம் பார்த்தது. அவர் கையை அசைத்துக் காட்டிய அதே திசை. உறையில் கிடந்த அந்த இன்னொரு படத்தை, கரையில் செத்துக் கிடந்த மீனின் இடது விலாவை, எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். செவுளுக்குப் பின்னால், துடுப்புக்கு மேலே, மிதிபட்ட கோலம் இரண்டிலும் இருந்தது. எண்ணிப் பார்க்கவே தேவையில்லை.

அவர் தேடிக்கொண்டிருந்த மீன் ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு முன்பே செத்து, ஈரல் எண்ணெயாகப் போய்விட்டிருந்தது. அவர் ஒரு காதைக் கொடுத்தது என் அவசரத்துக்கு.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஒரு மாதம் சும்மா இருந்தேன். திங்கட்கிழமை அவர் வந்தால் உள்ளே டார்க் ரூமுக்குள் போய்விடுவேன். நம்பிக்கையில் இருக்கிற மனிதரைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, சாம்பல் புதன் இந்த வருஷம் சீக்கிரம் வருகிறது என்று பையன்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். தாழ்வாகப் பேசியவர் இப்போது சத்தமாகப் பேச ஆரம்பித்திருந்தார். எனக்கு உள்ளே தெளிவாகக் கேட்கும்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் மத்தியானம், இரண்டு படத்தையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனேன். மறுநாளிலிருந்து நாற்பது நாள் கறி கிடையாது என்பதால் வீட்டில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் ஸ்டூடியோவில் தரையில் உட்கார்ந்து, பெட்டி மூடிக்குப் புது டியூப் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தார். நல்ல காது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். படங்களை அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அவர் குனிந்தார். தோள் நின்றது.

நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் அது மிக நீண்ட மூச்சு. சுவரில் தொங்கிய படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். பிறகு மூச்சை விட்டார்.

"பளபளப்புப் பக்கம் மாறிட்டோ?"

"ஆமா அண்ணாச்சி. நான்தான் மாத்தி வச்சிட்டேன். தெரிஞ்சு ஒரு மாசமாச்சு, சொல்ல தைரியம் வரல" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் விரலால் அந்தப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னைக்கு மத்தியானம் பூரா அவ மேலதான் கைய வச்சுக்கிட்டு நின்னிருக்கேன். வேற யாரோன்னு நெனச்சு, சிரிச்சுக்கிட்டு வந்து டீ வாங்கிக் குடுத்தேன்."

நான் ஏதோ மன்னிப்பு என்று தொடங்கினேன். கையமர்த்தினார்.

"ஒங்க மேல என்ன இருக்கு. தண்ணிக்குள்ள போனவன் நான். எந்தப் பக்கமாப் போனான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதச் சொன்னேன், பொறவு காயிதத்த நம்பிட்டேன்" என்றார். படங்களை உறைக்குள் வைத்துவிட்டு, "சரி. இனிமப் போவாண்டாம்லா" என்றார்.

அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கவேண்டும். நான் சைவம் என்று தெரியும், அதனால் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்தார். அந்த அம்மாவின் முகத்தில் இருந்தது சந்தோஷம். அதை மறைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். இவர் பாதி வெட்டிய ரப்பர் வளையத்தை ஆணியில் மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார். நெடுந்தூரம் சுமந்த சாக்கை இறக்கி வைத்த ஆள் நடப்பதுபோல நடந்தார். இளைப்பாறல் மாதிரியும் இருந்தது, வேறு மாதிரியும் இருந்தது.

அந்தத் தவக்காலத்தில் அவர் கடலுக்குப் போகவில்லை. மிச்சமிருந்த காது பிழைத்தது. அவர் மனைவி என்னை பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "நீங்க பெரிய உபகாரம் பண்ணுனிய" என்றார். அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. செய்த தப்பைத் திருத்தியவனுக்கு உபகாரி என்று பெயர்.

அதே வருஷம் வைகாசியில் எனக்குக் கல்யாணம். கல்லிடைக்குறிச்சியில் பெண் வீடு. இத்தனை வருஷம் தாலிப் படங்களைப் பார்த்துச் சலித்த எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, என் தாலிப் படத்தை அவர் எடுக்கவேண்டும், அதுவும் ஒன்றே ஒன்றுதான் எடுக்கவேண்டும். பெண் வீட்டார் ஊரில் ஆள் பார்த்திருந்தார்கள். சண்டை போட்டு மாற்றினேன். அவர் அதிகாலை முதல் பஸ்ஸில் வந்தார். பெட்டியைப் பற்றியோ மீனைப் பற்றியோ நாங்கள் பேசவில்லை. நல்ல இட்லி என்றார்.

கெட்டிமேளம் முழங்கியது. தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு நான் அவரைப் பார்த்தேன். வாயைத் திறந்து இழுப்பார், தோள் நிற்கும் என்று காத்திருந்தேன். ஒரு வெளிச்சம் வந்தது. நான் இன்னும் கையையே உயர்த்தவில்லை. இன்னொன்று. முடிச்சைப் போடும்போது இரண்டு. பிறகு வரிசையாக, எல்லா போட்டோக்காரர்களையும் போல, கொஞ்சம் குனிந்து, கொஞ்சம் நகர்ந்து, எதற்கும் இருக்கட்டும் என்று அடித்துக்கொண்டே இருந்தார். அவர் நெஞ்சு சாதாரணமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தாய்மாமன்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை.

அந்த ரோலையும் நான்தான் பிரிண்ட் போட்டேன். தாலி கட்டுவது மட்டும் பதினொன்று. ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள், என் மனைவியும் இன்றுவரை கேட்கிறாள்: பதினொரு படத்திலும் ஒன்றிலாவது பெண்ணைப் பார்க்கக்கூடாதா, அப்படி என்ன கேமராக்காரரையே முறைத்துக்கொண்டு தாலி கட்டியிருக்கிறீர்கள் என்று. அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தேன் என்று அவளிடம் நான் சொன்னதில்லை.